ஆலயம் மாறினால் அறம் மாறுமா?

ஓர் இடத்தைப் புனிதமானதென்று நாம் கொள்ளுவது எதனால்? அங்கே அடுக்கப்பட்ட கல்லாலா, அங்கே ஓதப்பட்ட மந்திரத்தாலா, அன்றி அங்கே செய்யப்பட்ட காரியத்தாலா? இவ்வினா பண்டிதர்கள் மாத்திரம் ஆராய வேண்டிய வினா அன்று. நகரங்கள் வளருகின்றன, நிலத்தின் விலை ஏறுகின்றது, மக்கள் ஓரிடம் விட்டு ஓரிடம் பெயருகின்றனர். நேற்று மணியோசை எழுந்த இடத்தில் இன்று வேறோசை எழுகின்றது. தோட்டத்து மாரியம்மன் கோயிலாயினும் சரி, பட்டணத்து மாதா கோயிலாயினும் சரி, இம்மாறுதலுக்கு விலக்கு ஏதும் இல்லை. ஆகலின் தோட்டத்தில் வாழ்வோரும் பட்டணத்தில் வாழ்வோரும் இதனை ஒருசேர எண்ணிப் பார்த்தல் நலம்.

வெறும் தத்துவமாகப் பேசிக்கொண்டிராமல், நம் கண்ணெதிரே நிற்கும் ஒரு சான்றை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் விக்டோரியா தெருவும் பிராஸ் பாசா சாலையும் கூடுமிடத்தில், நெடிய கோபுரத்தோடு வெள்ளை வெளேரென ஓர் ஆலயம் நிற்கின்றது. அதனை அறியாதார் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மக்கள் கூடும் இடமென்றே கருதுவர். ஆனால் அதன் உள்ளே பூசை இல்லை. பீடத்தில் பாதிரியார் இல்லை. அதனைச் சூழ்ந்த முற்றங்களிலும் தாழ்வாரங்களிலும் சாப்பாட்டுக் கடைகளும் மதுக்கடைகளும் இருக்கின்றன. ஆலயமோ திருமண விருந்துக்கும் இசைக் கச்சேரிக்கும் வாடகைக்கு விடப்படும் மண்டபமாக விளங்குகின்றது. அதற்குச் ‘சைம்ஸ்’ என்று பெயர். மணியோசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போல் ஒலித்தாலும், பழைய கன்னியர் மடத்தின் பெயரிலுள்ள முதலெழுத்துக்களை உள்ளடக்கி ஆக்கப்பட்ட பெயர் அது.

அம்மடத்தின் வரலாறு கேட்கத் தக்கது. பிரெஞ்சு தேசத்துப் பாதிரியாராகிய பொரேல் என்பார் சிங்கப்பூருக்கு வந்து, 1847இல் நல்லாயன் தேவாலயத்தைக் கட்டி முடித்தார். 1852இல் ஆண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். பெண் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி வேண்டுமென்று கருதி ஆட்சியாளரிடம் நிலம் கேட்டார். அது கம்பெனி ஆட்சிக் காலம். நிலம் கிடைக்கவில்லை. கேட்ட இடத்தில் கிடைக்காதபோது அவர் கைகட்டி இருந்துவிடவில்லை. தம் கைப்பொருளைக் கொண்டே ஒரு வீட்டை விலைக்கு வாங்கினார். அது கால்டுவெல் என்னும் உத்தியோகஸ்தருக்காக, கோல்மன் என்னும் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் 1840-41ஆம் ஆண்டுகளில் கட்டிய வீடு. 1854இல் மத்தில்ட் அன்னை என்னும் கன்னிகாஸ்திரீயும் அவருடைய தோழியரும் பினாங்கிலிருந்து வந்து அவ்வீட்டில் குடியேறினர். வந்த சில நாட்களுக்குள்ளேயே பள்ளியைத் தொடங்கிவிட்டனர்.

பள்ளியோடு அனாதை இல்லமும் வளர்ந்தது. விக்டோரியா தெருப் பக்கத்திலே ஒரு சிறு வாயில் இருந்தது. வளர்க்க வழியற்றோரும் மனமற்றோரும் பச்சிளங் குழந்தைகளைக் கொண்டுவந்து அவ்வாயிலில் விட்டுச் சென்றனர். கன்னியர் அக்குழந்தைகளை எடுத்து வளர்த்தனர். ‘நம்பிக்கை வாயில்’ என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. விடப்பட்டவை பெரும்பாலும் பெண் குழந்தைகள். வறுமை ஒரு காரணம். மூடநம்பிக்கை மற்றொரு காரணம். புலி ஆண்டிற் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாதவள் என்னும் எண்ணம் சீனரிடையே இருந்தது. இதனைக் கேட்டு நாம் சிரிப்பதற்கு இடமில்லை. ‘பெண் மூலம் நிர்மூலம்’ என்று நம் வீட்டுப் பெரியோரும் சொல்லிக்கொண்டுதானே இருந்தனர்! எந்தப் புலி எந்தக் குடும்பத்தைத் தின்றது? எந்த நட்சத்திரம் எந்த மாமனாரைக் கொன்றது? தின்றதும் கொன்றதும் மனிதனுடைய அறியாமையே. அவ்வறியாமைக்கு இரையாக இருந்த குழந்தைகளுள் பலவற்றை அவ்வாயில் காத்தது.

ஈண்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்னியர் வந்தது 1854இல். இன்று நாம் காணும் ஆலயத்தை நைன் என்னும் பாதிரியார் வரைந்து கட்டுவித்து, அது மந்திரிக்கப்பட்டது 1904இல். இடையே ஐம்பது ஆண்டுகள். அந்த ஐம்பது ஆண்டுகளும் இப்பெரிய கோபுரம் இல்லை. பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்திலே செய்யப்பட்ட வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் இல்லை. இலையும் மலரும் பறவையுமாகச் செதுக்கிய இத்தூண் தலைகள் இல்லை. பழையதொரு சிறு ஆலயமே இருந்தது. அதுவும் நாளடைவில் பழுதுற்றது. ஆயினும் குழந்தைகள் காக்கப்பட்டனர், சிறுமிகள் எழுத்தறிந்தனர். மடத்தைத் தொடங்கிய மத்தில்ட் அன்னையோ 1872இல் ஜப்பானுக்குச் சென்று, 1911இல் அங்கேயே மறைந்தார். அப்படியானால் அம்மடத்தின் புனிதம் கோபுரத்தோடு வந்ததன்று என்பது தெளிவாகின்றது. சேவை முன்னே வந்தது. சிற்பம் பின்னே வந்தது.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அப்பள்ளி தொடங்கிய நாளிலேயே, சம்பளம் கொடுத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பும், அனாதைகளுக்கும் ஏழைகளுக்கும் வேறு வகுப்புமாகப் பிரிந்தே நடந்தது. பணத்தின் வேலி மடத்து மதிலுக்கு உள்ளேயும் இருந்தது. ஆகவே ‘அன்று எல்லாம் புனிதம், இன்று எல்லாம் பாழ்’ என்று பெருமூச்சு விடுவோர் வரலாற்றைச் சரிவரப் பாராதவராவர். மனிதர் நடத்திய நிலையம் அது. மனிதருக்குரிய மேன்மையும் குறையும் அங்கே சேர்ந்தே இருந்தன.

நிற்க. பின்னர் நிகழ்ந்தது என்ன? சிங்கப்பூர் சுதந்தர நாடாயிற்று. நகரத்தின் நடுப்பகுதி புதுக்கப்பட்டது. நகரச் சீரமைப்பின் பொருட்டு அந்நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1983ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஆலயத்தின் கடைசிப் பூசை நடந்தது. பிள்ளைகள் தோ பாயோவிலும் ஆங் மோ கியோவிலும் எழுந்த புதிய பள்ளிக் கட்டிடங்களுக்குச் சென்றனர். ஆலயம் திருச்சபையின் முறைப்படி ஆலயமென்னும் நிலையினின்று நீங்கியது. 1990இல் ஆலயமும் கால்டுவெல் வீடும் தேசியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. பிரான்சிலிருந்து வந்த நிபுணரின் துணையோடு பழுது பார்க்கும் வேலை நடந்தது. வண்ணக் கண்ணாடிகள் கழற்றிச் செப்பனிடப்பட்டன. 1996இல் இன்றுள்ள கோலத்தில் அவ்விடம் திறக்கப்பட்டது. 2002இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் பாராட்டு விருதும் அவ்வேலைக்குக் கிடைத்தது.

இவ்வரலாற்றைக் கேட்டவர் இரு கட்சியாகப் பிரிவர். ஒரு கட்சியார் சொல்லுவது: “தாயற்ற குழந்தை முழந்தாளிட்டு வேண்டிய இடத்தில் மதுக்கிண்ணம் ஒலிக்கின்றதே! இதைவிட இடித்துத் தள்ளியிருந்தாலும் தாழ்வில்லை.” மறு கட்சியார் சொல்லுவது: “சுவர் சுவர்தான். பூசை நின்ற அன்றே அது வெறுங் கட்டிடம். வாடகை வருகின்றது, கூரை ஒழுகாமல் இருக்கின்றது, பார்ப்பவர் கண்ணுக்கும் விருந்தாக இருக்கின்றது. இதில் அழுவதற்கு என்ன உண்டு?”

இவ்விரு கட்சியையும் சற்று ஆராய்வோம்.

முதற் கட்சியார் துயரம் போலித் துயரம் அன்று. தாம் படித்த பள்ளியையும், தாம் மணமுடித்த ஆலயத்தையும், தம் தாயை அடக்கம் செய்யுமுன் வைத்து வேண்டிய பீடத்தையும் எவரும் செங்கல் சுண்ணாம்பு என்று எண்ணமாட்டார். ஆனால் ‘இடித்துத் தள்ளுவது மேல்’ என்பது கோபத்தின் சொல்லேயன்றி அறிவின் சொல் அன்று. கட்டிடம் நின்றால்தான், ‘இங்கே ஒரு வாயில் இருந்தது, அதில் ஏன் குழந்தைகள் விடப்பட்டனர்?’ என்று வருங்காலத்துப் பிள்ளை கேட்கும். சுவர் மறைந்தால் கேள்வியும் மறையும். கேள்வி மறைந்த இடத்தில் பழைய பிழை புதுவேடம் பூண்டு வருதல் எளிது.

இரண்டாங் கட்சியார் சொல்லுவதிலும் உண்மை உண்டு. பழைய கட்டிடம் பழங்கதையினால் மாத்திரம் நிற்காது. சுண்ணாம்பு வேண்டும், ஓடு வேண்டும், தச்சனுக்குக் கூலி வேண்டும். இவற்றுக்குப் பணம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். ஆயினும் ‘சுவர் சுவர்தான்’ என்னும் கூற்று ஒப்பத் தக்கதன்று. அவ்வாறு கூறுவோரே, அச்சாளரமும் கோபுரமும் இல்லாத ஒரு கிடங்கில் தம் மகளின் திருமண விருந்தை வைப்பாரா? வையார். அவ்விடத்தின் அழகுக்கும் அமைதிக்கும்தான் அவர் வாடகை கொடுக்கின்றார். அவ்வமைதியோ தலைமுறை தலைமுறையாக அங்கே வேண்டியவரும் உழைத்தவரும் சேர்த்துவைத்த முதல். பிறர் சேர்த்த முதலை அனுபவிப்பவன், ‘அம்முதலே இல்லை’ என்று கணக்கெழுதுவது நேர்மையாகுமா?

2012ஆம் ஆண்டில் இதற்கொரு சோதனை நேர்ந்தது. ஈஸ்டர் பண்டிகைக் காலத்திலே அவ்விடத்தில் ஒரு கேளிக்கை விருந்து நடத்தப்போவதாகச் சிலர் விளம்பரம் செய்தனர். கன்னிகாஸ்திரீகளின் உடையை ஏளனப்படுத்துவது போன்ற கோலத்தில் அவ்விளம்பரம் அமைந்திருந்தது. கத்தோலிக்கர் மனம் புண்பட்டனர், திருச்சபை ஆட்சேபித்தது, விருந்து கைவிடப்பட்டது. சட்டத்தின் கண்ணுக்கு அது 1983இலேயே ஆலயம் அன்று. ஆனால் மனித மனம் சட்டப் புத்தகத்தின்படி திறந்து மூடும் பெட்டி அன்று. ஒருவருடைய தாயின் புடவையைப் பழைய துணிக் கடையில் வாங்கினோம் என்பதற்காக, அவர் முன்னிலையிலேயே அதனைக் கால்மிதியாக விரிக்கலாமா? வாங்கினவனுக்கு உரிமை உண்டு. அவ்வுரிமைக்கும் மேலே ஒரு மரியாதை உண்டு. அம்மரியாதையைக் கடவுள் நம்பிக்கை உள்ளவரிடம் மட்டுமன்றி, இல்லாதவரிடமும் நாம் எதிர்பார்க்கலாம். ஏனெனில் அது தெய்வத்துக்குச் செய்யும் மரியாதை என்பதினும் சக மனிதனுக்குச் செய்யும் மரியாதையேயாகும்.

இச்சிக்கல் சிங்கப்பூருக்கு மாத்திரம் உரியதன்று. பாரிஸ் நகரத்திலே பதினைந்தாம் லூயி அரசன், தன் நோய் தீர்ந்தால் எடுப்பிப்பதாக 1744இல் நேர்ந்துகொண்ட ஓர் ஆலயம் உண்டு. அது 1790இல் முடிவடைந்தது. அதற்குள் புரட்சி வந்துவிட்டது. 1791இல் தேசிய சபையார் அதனைப் பெரியோரை அடக்கம் செய்யும் மண்டபமாக மாற்றினர். முதலில் அங்கே வைக்கப்பட்டவர் மிராபோ என்னும் தலைவர். சில ஆண்டுகளுக்குள் அவர் அரசனோடு மறைவாகத் தொடர்பு கொண்டிருந்த செய்தி வெளிப்படவே, அவருடைய உடலை அப்புறப்படுத்தினர். 1794இல் மாராவின் உடலைக் கொண்டுவந்தனர். மறு ஆண்டே அதனையும் வெளியேற்றினர். பிறகு நெப்போலியன் காலத்தில் மீண்டும் ஆலயம். 1830இல் மீண்டும் மண்டபம். 1851க்குப் பின் மீண்டும் ஆலயம். 1885இல் விக்தர் ஹ்யூகோ மறைந்தபோது மீண்டும் மண்டபம். ஆட்சிக்கு ஒரு பெயர்ப்பலகை! சுவர்கள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு நின்றன. கான்ஸ்டான்டிநோபிளிலே 537இல் கட்டி முடிக்கப்பட்ட ஹகியா சோபியா 1453இல் மசூதியாகி, 1935இல் காட்சிசாலையாகி, 2020இல் திரும்பவும் மசூதியாயிற்று. இவற்றையெல்லாம் பார்க்கும்போது, கட்டிடத்தின் பெயரை மாற்றுவது ஆள்வோருக்கு எளிது; மக்கள் உள்ளத்தில் அதன் பொருளை மாற்றுவது அரிது என்பது விளங்கும்.

பொரேல் பாதிரியார் தொடங்கிய மூன்று இடங்களையே எடுத்துக்கொள்வோம். மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருப்பவை. நல்லாயன் தேவாலயம் இன்றும் தேவாலயமாகவே இருக்கின்றது. ஆண் பிள்ளைகளின் பள்ளி 1987இல் வேறிடம் சென்றது. அதன் பழைய கட்டிடம் 1996இல் ஓவியக் காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது. கன்னியர் மடமோ விருந்து மண்டபமாயிற்று. ஒரே மனிதர் நட்ட மூன்று விதைகளுக்கு மூன்று வகை விளைவு. இவற்றுள் எது அவர் எண்ணத்துக்கு அணுக்கமானது? தேவாலயம் என்று சிலர் உடனே சொல்லக்கூடும். எமக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. தோ பாயோவிலே ஓர் ஏழைச் சிறுமி இன்று அப்பள்ளியின் பெயர் பொறித்த சட்டையணிந்து பாடம் படிப்பாளாயின், அவர் வாங்கிய வீட்டின் நோக்கம் அங்கே நிறைவேறிக்கொண்டிருக்கின்றது. வீடு விருந்து மண்டபமானாலும், நோக்கம் நடந்து சென்று வேறு வீடு புகுந்துவிட்டது.

இதுவே எம் முடிவுக்கு அடிப்படை. ஓர் ஆலயம் வேறு காரியத்துக்கு ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டால், நாம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. முதலாவது: அவ்விடம் ஆற்றிவந்த தொண்டு இப்போது எங்கே? அது வேறிடத்தில் தொடர்ந்தால் இழப்பு பாதி. எங்கும் தொடராவிட்டால், கோபுரத்துக்குத் தங்க முலாம் பூசினாலும் இழப்பு முழுமையே. இரண்டாவது: அவ்விடத்தின் கதை உண்மையாகச் சொல்லப்படுகின்றதா? சாளரத்தின் அழகைச் சொல்லி வாயிலின் துயரத்தை மறைப்பது பாதிக் கதை. சிற்பியின் பெயரைச் சொல்லி, விடப்பட்ட குழந்தையை மறப்பதும் பாதிக் கதை. மூன்றாவது: அவ்விடத்தை இழந்தவர்களின் சொல்லுக்குச் செவி கொடுக்கப்படுகின்றதா? நிலம் எடுப்பவர் எந்நாளும் பொதுநன்மையைச் சொல்லுவர், பொதுநன்மை பெரிதே. ஆனால் அப்பொதுவுக்குள் அவ்விடத்தை நேசித்த சிறு கூட்டத்தாரும் அடங்கியவரல்லரா?

இம்மூன்று கேள்விகளும் நம் வீட்டு வாசலுக்கும் வரக்கூடியவை. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களுக்கு விற்கப்பட்டும் போனபோது, லயத்து வீடுகளோடு கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் கேள்விக்கு உள்ளாயின. அப்போதெல்லாம் நம்மவர் பெரும்பாலும் கோயிலுக்காகவே முதலில் குரலெழுப்பினர். அதில் குற்றம் இல்லை. மாட்டுக் கொட்டகை போன்ற லயத்தில் வாழ்ந்த தொழிலாளிக்குத் தன்னுடையது என்று சொல்ல இருந்த ஓரிடம் அதுவே. எனினும் கோயில் எழுந்த கல்லுக்காகப் போராடிய அளவு, பிள்ளை படித்த பலகைக்காகவும், முதியவர் ஒதுங்கிய திண்ணைக்காகவும், நலங்கெட்டவருக்கு மருந்து கொடுத்த சாலைக்காகவும் போராடினோமா என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிலையைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் புதுவிடத்தில் நிறுத்துவது எளிது. ஒற்றுமையையும் ஒருவர்க்கொருவர் உதவும் பழக்கத்தையும் பெயர்த்துக் கொண்டுபோவதுதான் அரிது. அவ்வரிய காரியத்தைச் செய்தவரே உண்மையில் கோயிலைக் காத்தவர்.

இனி, நம்பிக்கை வாயிலுக்கு மீண்டும் வருவோம். அங்கே குழந்தையை விட்டுச் செல்லும் வழக்கம் இன்று இல்லை. அதற்காக யாரேனும் வருந்துவரா? அவ்வாயில் புகழுக்குரியதே. ஆனால் அதற்கு வேலை இருந்தது என்பது அக்காலத்துச் சமுதாயத்துக்குப் புகழன்று. பெற்ற தாய் தன் பெண்ணை இருளில் கொண்டுவந்து தெருவோரம் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் ஓடும்படி செய்தவர் யார்? வறுமையை வைத்திருந்தவர்கள், பெண்ணைச் சுமையென்று சொன்னவர்கள், ஜாதகத்தைக் குழந்தையினும் பெரிதாக மதித்தவர்கள். வாயில் காத்தது ஒரு குழந்தையை. காக்கப்பட வேண்டியிருந்ததோ ஒரு சமுதாயம். ஆகவே தொண்டின் மிக உயர்ந்த வெற்றி அத்தொண்டே வேண்டாத காலத்தை வருவிப்பது. மருத்துவசாலை நிறைந்திருப்பது மருத்துவனுக்குப் பெருமையாகலாம், ஊருக்குப் பெருமையாகாது.

அவ்வழியே நோக்கினால், ஆலயம் விருந்து மண்டபமானதைப் பற்றிய வழக்குக்குத் தீர்ப்பு அம்மண்டபத்துக்குள் கிடைக்காது. மண்டபத்துக்கு வெளியே, நகரத்தின் தெருக்களிலேயே கிடைக்கும். அங்கே தாயற்ற பிள்ளைக்கு அன்னமும் எழுத்தும் உண்டா? பிறந்தது பெண் என்று கேட்டவுடன் முகம் சுளிப்பவர் குறைந்தனரா? சம்பளம் கொடுப்பவருக்கு ஒரு வகுப்பு, கொடாதவருக்கு ஒரு வகுப்பு என்னும் வேலி விழுந்ததா? விழுந்திருப்பின், 1904இல் எழுந்த அக்கோபுரம் தன் வேலையை முடித்துவிட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரைப் போல நிற்கின்றது. அதன் நிழலில் மணமக்கள் மாலை மாற்றுவதில் பழுதொன்றும் இல்லை. விழவில்லையாயின், அங்கே நாள்தோறும் நூறு பூசை நடந்தாலும் கணக்கு நேராகாது.

கல்லை அரசாங்கம் காக்கலாம், வாடகை காக்கலாம், நிபுணர் காக்கலாம். கல்லை எழுப்பத் தூண்டிய கருணையைக் காக்கும் பொறுப்பை மட்டும் எவரிடமும் குத்தகைக்கு விட முடியாது. அது நம் ஒவ்வொருவருடைய கையிலும் இருக்கின்றது.